பில்டரை எங்கே நிறுத்துவது? சிவிலைசேஷன் 6 வள டைல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

நண்பர்களோடு சிவிலைசேஷன் 6 என்ற இந்தக் கணினி உத்தி ஆட்டத்தை ஆடத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்டம் கையை விட்டுப் போகும்போது யாராவது சேவ் ஃபைலை அனுப்பி, "என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்பார்கள். திறந்து பார்த்தால் படையில் பெரிய கோளாறு இருக்காது. பில்டரில் இருக்கும்: வரைபடக் கட்டங்களில் (டைல்) வயல், சுரங்கம் போன்றவற்றைக் கட்டும் ஆள் அவர். கண்ணில் பட்ட கோதுமை, மாடு, கல் எல்லாவற்றின் மேலும் எதையாவது கட்டி வைத்திருப்பார்கள்; ஆட்டத்தையே மாற்றியிருக்கக்கூடிய ஒரே ஒரு இரும்பு மட்டும் தொடப்படாமல் கிடக்கும்.

திரும்பத் திரும்ப ஒரே பதிலைத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். எண்கள் எல்லாம் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துக்கும் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கும் உரியவை.

அறிகுறி 1: பில்டர் வளத்தின் மேல் நிற்கிறார், கட்டும் பட்டன் வரவில்லை

முதலில் பில்டருக்கு நகர்வு மிச்சம் இருக்கிறதா பாருங்கள். குன்று ஏறி, ஆறு தாண்டி வந்த பில்டர் அந்த டர்னில் (ஆட்டத்தின் ஒரு சுற்றில்) ஓய்ந்துவிடுவார். அடுத்த டர்னில் பட்டன் தானாக வரும். இதற்காக ஆட்டத்தை மூடித் திறந்தவர்கள் உண்டு.

அடுத்து எல்லைக்கோடு. டைல் உங்கள் நிறத்துக்குள் இருக்கிறதா? ஒரு டைல் வெளியே இருந்தாலும் கட்ட முடியாது. நகரத்திலிருந்து 3 வளையத்துக்குள் என்றால் தங்கம் கொடுத்து வாங்கலாம். அதற்கு அப்பால் வாங்க வழியில்லை. பண்பாடு வளர்ந்து எல்லை தானாக அங்கே போய்ச் சேர வேண்டும், அல்லது பக்கத்தில் இன்னொரு நகரம் எழும்ப வேண்டும்.

எல்லைக்குள்தான் இருக்கிறதென்றால் தொழில்நுட்பம். தலைவலி பெரும்பாலும் பிளான்டேஷனில்தான். பட்டு, மசாலா, சாம்பிராணி, பருத்தி, வாழை எல்லாவற்றுக்கும் இரிகேஷன் வேண்டும். சுரங்கத்துக்கும் குவாரிக்கும் மைனிங். மேய்ச்சல் நிலத்துக்கும் கேம்புக்கும் அனிமல் ஹஸ்பண்ட்ரி. மீன், நண்டு, முத்துக்கு செய்லிங். அது இருந்தால்தான் பில்டர் கடலில் இறங்கவே முடியும். டைலின் மேல் சுட்டியை வைத்தால் என்ன தேவை என்று ஆட்டமே சொல்லும்.

இவ்வளவும் சரி, பட்டன் மட்டும் இல்லை என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 2: கட்டி முடித்தாச்சு, நகரத்தின் எண் அசையவில்லை

எனக்கு வரும் சேவ் ஃபைல்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

போன மாதம் ஒன்று வந்தது. ஐம்பதாவது டர்ன் வாக்கில், தலைநகரில் மக்கள்தொகை 4. சுற்றிலும் மேம்படுத்திய டைல்கள் 9. பார்க்கப் பச்சைப்பசேல் என்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் 4 பேர் 4 டைலில்தான் வேலை செய்ய முடியும். நகர மையம் மட்டும் தானாக விளையும். மீதி 5 டைலிலும் ஆளே இல்லை. ஒரு பில்டர் 3 முறைதான் கட்ட முடியும், ஒவ்வொரு முறையும் ஒரு சார்ஜ். 5 சார்ஜ் என்றால் ஏறக்குறைய 2 பில்டர். மூன்றாவது, நான்காவது பில்டர்கள் என்று வைத்தால் 58, 62, மொத்தம் 120 உற்பத்தி. புது நகரம் நிறுவும் முதல் செட்டிலரின் விலை 80. ஒரு நகரத்தையே ஆளில்லாத வயலில் கொட்டிவிட்டு, "என் பேரரசு ஏன் சின்னதாவே இருக்கு?" என்று கேட்கிறார்.

பார்க்க வேண்டிய வரிசை இது.

நகரத்தைத் திறந்து குடிமக்களை நிர்வகிக்கும் திரைக்குப் போங்கள். ஆள் வேலை செய்யும் டைல்களில் தலை உருவம் தெளிவாகத் தெரியும். புதிதாகக் கட்டிய டைலில் அது இருக்கிறதா? இல்லையென்றால் டைலைக் கிளிக் செய்து ஆளை அங்கே மாற்றுங்கள். காசு பணம் வேண்டாம்.

மாற்றினாலும் போகவில்லையா? எப்போதோ நீங்களே வேறு டைலில் போட்ட பூட்டு இன்னும் இருக்கலாம். எடுத்துவிடுங்கள்.

டைல் பக்கத்து நகரத்தின் பெயரில் இருக்கிறதா என்று அடுத்தபடியாகப் பாருங்கள். இரண்டு நகரங்களுக்கு நடுவே கிடக்கும் டைலை ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும். அதே திரையில் ஒன்றிடமிருந்து மற்றதற்கு மாற்றிவிடலாம், இதுவும் இலவசம்.

டைல் நான்காவது, ஐந்தாவது வளையத்தில் இருந்தால் கதை முடிந்தது. அங்கே யாரும் எப்போதும் வேலை செய்ய முடியாது. லக்சுரி (பட்டு, ஒயின் போன்ற ஆடம்பர வளம்), குதிரை, இரும்பு போன்றவற்றை மட்டும் அவ்வளவு தூரத்தில் மேம்படுத்துங்கள். அவற்றுக்கு ஆள் வேண்டாம், மேம்பாடு இருந்தாலே பேரரசுக்கு வந்து சேரும். அந்தத் தூரத்துக் கோதுமைக்குச் சார்ஜ் செலவழிப்பது கிணற்றில் போட்ட கல்.

ஆளே பற்றவில்லை என்றால் இனி பில்டர் வேண்டாம். சார்ஜைத் தொடும் முன் நான் கேட்பது ஒரே கேள்வி: அடுத்த பத்து டர்னுக்குள் இங்கே வந்து நிற்கப்போகும் ஆள் யார்? பதில் இல்லாவிட்டால் பில்டரை ஓரமாகத் தூங்க வையுங்கள். சார்ஜ் கெட்டுப்போகும் பொருள் இல்லை.

இதற்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்குகள் இரண்டு.

முதலாவது யுரேக்கா. தொடக்க ஆட்டத்தில் ஆள் இருக்கிறாரோ இல்லையோ, சில மேம்பாடுகள் ஆராய்ச்சியில் 40 சதவீதத்தைத் தள்ளிவிடும். வளத்தின் மேல் ஒரு வயல் போட்டால் இரிகேஷன். வளத்தின் மேல் ஒரு சுரங்கம் என்றால் வீல். ஒரு குவாரிக்கு மேசன்ரி. ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு ஹார்ஸ்பேக் ரைடிங். மூன்று டைல் மேம்படுத்தினால் கிராஃப்ட்ஸ்மன்ஷிப். அதனால் முதல் பில்டரின் 3 சார்ஜையும் மூன்று கோதுமையில் போடாதீர்கள். கோதுமை ஒன்று, கல் ஒன்று, குதிரை ஒன்று என்று போட்டால் மூன்று தொழில்நுட்பத்துக்கும் ஒரு குடிமரபுக்கும் (கிராஃப்ட்ஸ்மன்ஷிப்) சேர்த்து உந்துதல் கிடைக்கும். அந்தக் குதிரை மேய்ச்சலில் நாற்பது டர்னுக்கு யாரும் கால் வைக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

இரண்டாவது ஹவுசிங், அதாவது நகரத்தில் மக்கள் தங்க இடம். அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது.

அறிகுறி 3: லக்சுரி கட்டியும் அமெனிட்டி (மக்களின் மகிழ்ச்சி) ஏறவில்லை

இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லக்சுரிதானா? இரண்டாவது பட்டு உங்கள் மக்களுக்கு எதுவும் தராது. ஒரு வகைக்கு ஒரு முறைதான். இரண்டாவதை மேம்படுத்துவது விற்பதற்காக அல்லது பண்டமாற்றுக்காக மட்டுமே. அப்படிச் செய்ய ஆள் இருந்தால் உடனே செய்யுங்கள்: உங்களிடம் இல்லாத ஒரு லக்சுரியை வைத்திருக்கும் அண்டை நாட்டிடம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் ஒரே சார்ஜில் புது வகை கைக்கு வரும். எல்லோரும் உங்களை வெறுக்கும் நிலைமை என்றால் அந்த இரண்டாவது பட்டு அப்படியே கிடக்கட்டும். (மோனோபோலிஸ் அண்ட் கார்ப்பரேஷன்ஸ் பயன்முறையில் ஆடுபவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அங்கே ஒரே வகையில் 2 இருந்தால் இண்டஸ்ட்ரி தொடங்கலாம்.)

ஒன்றுதான் இருக்கிறது, ஆனாலும் இந்த நகரத்துக்கு வரவில்லையா? ஒரு லக்சுரி 4 நகரங்களுக்குத்தான் தலா 1 அமெனிட்டி கொடுக்கும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு ஆட்டமே பங்கிடும். நகரங்கள் 7, லக்சுரி 2 என்றால் யாரோ ஒருவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். அஸ்டெக் தலைவர் மான்டெசூமாவை எடுத்து ஆடினால் மட்டும் அந்த 4 என்பது 6.

பழைய ஒப்பந்தம் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருபது டர்னுக்கு முன் ஒருவருக்கு விற்றதை மறந்துவிட்டு, "ஒயின் எங்கே போச்சு" என்று நானே ஒரு முறை வரைபடம் முழுக்கத் தேடியிருக்கிறேன். ரிப்போர்ட் திரையில் வளங்கள் என்ற பகுதியைத் திறந்தால் எது எந்த நகரத்திலிருந்து வருகிறது, எது யாருக்குப் போகிறது என்று வரிசையாக இருக்கும்.

சாலை போட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். நான்காம் பாகத்தில் வளத்தை நகரத்தோடு சாலையாலோ ஆற்றாலோ இணைக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. ஆறாம் பாகத்தில் எல்லையும் மேம்பாடும் போதும்.

இன்னொன்று, சார்ஜே செலவாகாத வழி. புது நகரத்துக்கு இடம் பார்க்கும்போது லக்சுரியின் மேலேயே நகர மையத்தை வைத்துவிட்டால், அதற்குரிய தொழில்நுட்பம் வந்த அன்றே அது உங்களுடையது. பில்டரே தேவையில்லை.

அறிகுறி 4: இரும்புச் சுரங்கம் இருக்கிறது, வாள்வீரன் மங்கலாகவே கிடக்கிறான்

எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான்.

*கேதரிங் ஸ்டார்ம் இல்லையென்றால்:* இரும்பு என்பது கையிருப்பு அல்ல, எண்ணிக்கை. 2 இரும்பு டைல் வேண்டும். என்கேம்ப்மென்ட் (படை முகாம்) இருக்கும் நகரத்துக்கு மட்டும் ஒன்று போதும். ஆகவே இரண்டாவது இரும்பைத் தேடுங்கள் அல்லது என்கேம்ப்மென்ட் கட்டுங்கள்.

*கேதரிங் ஸ்டார்ம் என்றால்:* மேம்படுத்திய ஒரு இரும்பு டர்னுக்கு 2 தரும். வாள்வீரனுக்கு 20 வேண்டும். கணக்கு நேரானது: ஒரு சுரங்கம், பத்து டர்னுக்கு ஒரு வாள்வீரன். ஐந்தாவது டர்னில் வந்து புலம்பினால் காத்திருங்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அவசரம் என்றால் ஈக்வெஸ்ட்ரியன் ஆர்டர்ஸ் என்ற பாலிசி கார்டைச் (அரசுக் கொள்கை அட்டை) செருகினால் ஒவ்வொரு இரும்பும் குதிரையும் டர்னுக்கு 1 கூடுதலாகத் தரும். அல்லது அண்டை நாட்டிடம் மொத்தமாக வாங்குங்கள்.

கையிருப்பின் உச்சவரம்பு தொடக்கத்தில் 50. அதைத் தொட்டபின் வருவதெல்லாம் வீண். இரும்பு 50-இல் நின்றுகொண்டிருக்க மூன்றாவது இரும்புக்குப் பில்டரை அனுப்புபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். முதலில் இருப்பதைச் செலவழியுங்கள், அல்லது விற்றுத் தங்கமாக்குங்கள். என்கேம்ப்மென்ட் கட்டடங்கள் உச்சவரம்பைக் கொஞ்சம் உயர்த்தும்.

பிற்கால ஆட்டத்தில் எண்ணெய், நிலக்கரி இருந்தும் ஏறவே இல்லை என்றால் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். டாங்கியும் காலாட்படையும் ஒவ்வொரு டர்னும் எண்ணெய் குடிக்கும். நிலக்கரி மின்நிலையமும் அப்படியே.

வளமே கண்ணில் படவில்லை என்றால் அதை வெளிக்காட்டும் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை. இரும்புக்கு ப்ரான்ஸ் (வெண்கல) வொர்க்கிங், வெடியுப்புக்கு மிலிட்டரி எஞ்சினியரிங், நிலக்கரிக்கு இண்டஸ்ட்ரியலைசேஷன். வெளிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே உங்கள் டிஸ்ட்ரிக்ட் (நகரத்தின் சிறப்புப் பகுதி) இருந்தால் அதிர்ஷ்டம். எதுவும் செய்யாமலே அந்த வளம் சேரும்.

அறிகுறி 5: டிஸ்ட்ரிக்ட் வைக்க வேண்டிய இடத்தில் வளம் உட்கார்ந்திருக்கிறது

லக்சுரி அல்லது ஸ்ட்ராட்டஜிக் (இரும்பு, குதிரை போன்றவை) என்றால் ஆட்டமே விடாது. வேறு இடம் பாருங்கள்.

போனஸ் வளம் (கோதுமை, அரிசி, மாடு, ஆடு, கல், செம்பு, மான், வாழை போன்றவை) என்றால் டிஸ்ட்ரிக்டை நேராக மேலேயே வைக்கலாம். வைத்தால் வளம் ஒன்றும் தராமல் மறைந்துவிடும். அதற்கு முன் ஒரு சார்ஜைக் கொடுத்து அறுவடை செய்துவிட்டால் உணவோ உற்பத்தியோ தங்கமோ மொத்தமாக நகரத்துக்கு வரும். ஏற்கெனவே மேம்படுத்திய டைலை இடித்து டிஸ்ட்ரிக்ட் வைப்பதுதான் மிக மோசமான வழி: சார்ஜும் போச்சு, அறுவடையும் போச்சு. எனவே ஒரு நகரம் எழும்பிய அன்றே டிஸ்ட்ரிக்ட் இடங்களுக்கு வரைபடத்தில் குறி போட்டுவிடுங்கள். குறி இருக்கும் டைலில் பில்டர் கை வைக்கக் கூடாது.

குறி இல்லாத போனஸ் வளத்தை வைத்துக்கொள்வதா, அறுத்துவிடுவதா? இங்கே என் கைப்பழக்கத்தைத்தான் சொல்ல முடியும்.

மீனையும் நண்டையும் நான் அறுப்பதே இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கடல் வளத்துக்கும் ஹார்பருக்கு 1 கூடும். கல்லை இண்டஸ்ட்ரியல் சோன் பக்கத்தில் இருந்தால் குவாரியாக வைத்துக்கொள்வேன், அதற்கும் 1 உண்டு. இல்லாவிட்டால் அதிசயம் (பிரமிட் போன்ற பெரிய கட்டடம்) கட்டும் நேரத்தில் அறுப்பேன். கோதுமை, அரிசி மூன்று வயல் முக்கோணமாக அமையும் இடத்தில் இருந்தால் கட்டாயம் வயல்தான், ஏனெனில் ஃபியூடலிசம் வந்ததும் ஒட்டியிருக்கும் வயல்கள் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஆற்றங்கரை நகரத்தில் வாட்டர் மில்லும் அவற்றுக்கு உணவு கூட்டும். தனியாக ஓரத்தில் நிற்கும் செம்பு, மான், வாழை எல்லாம் எனக்கு அறுவடைக்குத்தான்.

பான்தியனையும் (நீங்கள் தேர்ந்தெடுக்கும் முதல் மத நம்பிக்கை) மறக்காதீர்கள். காட் ஆஃப் தி ஓப்பன் ஸ்கை எடுத்திருந்தால் ஒவ்வொரு மேய்ச்சலும் பண்பாடு தரும், ஸ்டோன் சர்க்கிள்ஸ் என்றால் குவாரிக்கு 2 ஃபெய்த். அப்போது ஆட்டையும் கல்லையும் அறுப்பது சொந்தக் கண்ணைக் குத்திக்கொள்வது.

அறுப்பது என்று முடிவானால் அவசரம் வேண்டாம். தொழில்நுட்பமும் குடிமரபும் ஏற ஏற அறுவடையின் அளவும் ஏறும். மேக்னஸ் என்ற ஆளுநரை அந்த நகரத்தில் அமர்த்திவிட்டு அறுத்தால் 50 சதவீதம் கூடுதல். மேக்னஸ் வந்து சேர 5 டர்ன் ஆகும். பொறுத்திருங்கள்.

அறிகுறி 6: நகரம் வளரவே இல்லை, வயல் மட்டும் நிறைய

உணவு மிஞ்சுகிறதா? ஒருவர் டர்னுக்கு 2 உணவு சாப்பிடுவார். மிஞ்சினாலும் வளரவில்லையென்றால் ஹவுசிங். மிச்சம் 1 என்று வந்தால் வளர்ச்சி பாதி, 0-க்கு வந்தால் கால்வாசி. வயல், மேய்ச்சல், பிளான்டேஷன், கேம்ப், மீன்பிடிப் படகு ஒவ்வொன்றும் 0.5 ஹவுசிங் தரும், அதில் ஆள் இல்லாவிட்டாலும். மேலே சொன்ன விலக்கு இதுதான். இரண்டு கட்டினால்தான் முழுசாக ஒன்று. சுரங்கமும் குவாரியும் தராது.

ஆனால் 2 சார்ஜ் கொடுத்து 1 வாங்குவதற்கு முன், கிரானரி கட்டியாச்சா என்று பாருங்கள். அது ஒன்றே 2 தரும். நன்னீரும் கடற்கரையும் இல்லாத நகரம் 2 ஹவுசிங்கில்தான் தொடங்கும். ஆற்றங்கரை என்றால் 5. அங்கே வயல் போட்டு ஈடுகட்டப் பார்க்காமல் அக்வடக்ட் கட்டுங்கள். அது செலவான வழிதான், ஆனால் நிரந்தரமானது.

அறிகுறி 7: பில்டர் போதவே இல்லை

ஒவ்வொரு பில்டருக்கும் விலை 4 ஏறும். முதல் பில்டர் 50, பத்தாவது 86. 3 சார்ஜால் வகுத்தால் முதல் பில்டரில் ஒரு சார்ஜ் சுமார் 17 உற்பத்தி, பத்தாவதில் சுமார் 29. விலை தெரியாமல் செலவழிப்பதால்தான் போதாமல் போகிறது.

ஃபியூடலிசம் எடுத்து செர்ஃப்டம் கார்டைச் செருகினால் 2 சார்ஜ் கூடும். பத்தாவது பில்டரை 5 சார்ஜால் வகுத்துப் பாருங்கள்: மறுபடியும் 17. அதனால் நடு ஆட்டத்துப் பில்டர்களை அந்தக் கார்டுக்காகத் தள்ளிப்போட்டு, வந்ததும் எல்லா நகரத்திலும் ஒரே மூச்சில் எடுப்பேன். லியாங் என்ற ஆளுநர் இருக்கும் நகரத்தில் எடுத்தால் இன்னும் 1 சார்ஜ். பிரமிட் உங்கள் கையில் இருந்தால் எல்லாருக்கும் 1. தொடக்கத்தில் இல்கும் கார்டு பில்டர் உற்பத்தியை 30 சதவீதம் விரைவாக்கும்.

அறிகுறி 8: கட்டியது கட்டியபடி உடைகிறது

சூறையாடப்பட்ட மேம்பாட்டைச் சரிசெய்யச் சார்ஜ் போகாது. கடைசி ஒரு சார்ஜை மிச்சம் வைத்திருக்கும் பில்டரைக் கொண்டு எத்தனை டைலையும் பழுது பார்க்கலாம், அவர் அப்படியே இருப்பார். இதற்காகவே ஒருவரை நான் கடைசி வரை சாகவிடாமல் வைத்திருப்பேன்.

காட்டுமிராண்டிகள் என்றால் முகாமை அழிக்காமல் பழுது பார்ப்பதில் பயனில்லை. வெள்ளம் என்றால் யோசியுங்கள். அது உடைத்தாலும் டைலின் விளைச்சலைக் கூட்டிவிட்டுப் போகக்கூடும். டைல் கொழுத்துக்கொண்டிருந்தால் நான் பழுது பார்த்துக்கொண்டே இருப்பேன். டிஸ்ட்ரிக்டும் சேர்ந்து அடிவாங்கினால் பட்ரஸ் ஆராய்ந்து அணை கட்டிவிடுவேன்.

எப்போது இன்னொருவரைக் கூப்பிடுவது

பட்டன் வரவேண்டிய எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் சந்தேகம் மாட்களின் (ஆட்டத்தை மாற்ற மற்றவர்கள் எழுதிய சேர்க்கைகள்) மேல். எல்லா மாடையும் அணைத்து ஒரு புது ஆட்டம் தொடங்கிப் பாருங்கள். மாட் போட்டு ஆடிய பழைய சேவில் பாதியில் அணைத்தால் அது திறக்காமலே போகலாம். புது ஆட்டத்தில் சரியாக இருந்தால் ஒவ்வொன்றாக இயக்கிக் குற்றவாளியைப் பிடியுங்கள். பிடித்தபின் அந்த மாடை எழுதியவரிடம் சொல்லுங்கள். மாடே இல்லாமலும் அதே கோளாறு என்றால் ஸ்டீமில் ஆட்டக் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுங்கள். அதுவும் உதவாவிட்டால் நீங்கள் தோண்டவேண்டாம், ஆட்டத்தின் உதவிப் பிரிவுக்கு சேவ் ஃபைலோடு எழுதுங்கள்.

கோளாறு ஆட்டத்தில் இல்லை, உங்கள் கணக்கில்தான் என்றால் நூறாவது டர்ன் வரை காத்திருக்காதீர்கள். மூன்றாவது நகரம் எழும்பிய டர்னில் ஒரு சேவ், ஐம்பதாவது டர்னில் ஒரு சேவ், இரண்டையும் உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவருக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பினால் பில்டர் இப்போது எங்கே நிற்கிறார் என்று தெரியும். எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியாது.